வெளிநாட்டில் கிரெடிட் கார்டு: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கிரானைட் பட்டறை, மாங்கூழ் ஆலை, பர்கூர் ஜவுளிக் கடை என்று வாடிக்கையாளர்கள் பலவிதம். செப்டம்பரில் இத்தாலியின் வெரோனாவில் கல் கண்காட்சி, மார்ச்சில் சீனாவின் சியாமெனில் இன்னொன்று, துபாயில் உணவுப்பொருள் கண்காட்சி என்று கிளம்பிவிடுவார்கள். மகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்களும், கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறவர்களும் உண்டு. ஊர் திரும்பியதும் அவர்களுடைய கார்டு ஸ்டேட்மென்ட் என் மேசைக்கு வரும். பணம் எங்கே ஒழுகியது என்பது அதில் வரிவரியாகத் தெரியும். பெரும்பாலும் இரண்டே ஓட்டைகள்தான்: மிஷினில் ரூபாயைத் தேர்ந்தெடுத்தது, கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தது. இந்த இரண்டையும் அடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறைச் சமாச்சாரம். போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இங்கே ஒழுங்காக வேலை செய்கிற கார்டு, அங்கே போனதும் டிக்ளைன் ஆகிறதே, ஏன்?

வெளிநாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. அதன்படி 2020 மார்ச் 16 முதல் புதிதாகத் தரும் கார்டும், மாற்றித் தரும் கார்டும் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மிஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாடு, ஆன்லைன், டேப் (கார்டைச் செருகாமல் மிஷினில் தட்டுவது) ஆகியவற்றை நாம்தான் இயக்கிக்கொள்ள வேண்டும்.

வங்கியின் ஆப்பில் கார்டு பகுதிக்குள் போனால் 'இன்டர்நேஷனல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதற்குள்ளே கடை மிஷின், டேப், ஆன்லைன், ஏடிஎம் என்று தனித்தனி சுவிட்சுகள். முதல் மூன்றையும் போடுங்கள். ஏடிஎம் சுவிட்சை அணைத்தே வையுங்கள், காரணம் பின்னால் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உச்சவரம்பும் வைக்கலாம். இதை வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள். தேவனஹள்ளி விமான நிலையத்தில் போர்டிங் வரிசையில் நின்றுகொண்டு பாஸ்வேர்டை மறந்து தவிப்பவர்கள் அதிகம்.

இன்னொன்று, பின் நம்பர். நம் ஊரில் 5,000 ரூபாய் வரை டேப் செய்தாலே போதும் என்றாகிவிட்டதால் பலருக்குப் பின் நம்பரே நினைவில் இல்லை. ஐரோப்பாவில் ஆள் இல்லாத ரயில் டிக்கெட் மிஷின் முன் நிற்கும்போது அது பின் நம்பர் கேட்கும். தப்பாக அடித்துக்கொண்டே போனால் கார்டு பூட்டிக்கொள்ளும். கிளம்புவதற்கு முன் உள்ளூர்க் கடை ஒன்றில் கார்டைச் செருகி, பின் அடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மிஷினில் ரூபாய் ஒரு பக்கம், யூரோ ஒரு பக்கம் காட்டுகிறது. எதை அழுத்துவது?

யூரோவை. துபாயில் திர்ஹாமை, சிங்கப்பூரில் டாலரை, பாங்காக்கில் பாட்டை. எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊர்ப் பணத்தை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வெரோனாவில் அரேனா என்ற பழைய ரோமானிய அரங்கத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் சாப்பிட்டு முடித்ததும், பரிமாறுகிறவர் மிஷினை மேசைக்கே கொண்டுவருவார். கார்டைச் செருகியதும் அது இந்திய கார்டு என்று மிஷினுக்குத் தெரிந்துவிடும். திரை இரண்டாகப் பிரியும். ஒரு கட்டத்தில் யூரோ தொகை. இன்னொன்றில் ரூபாய்த் தொகை, பைசா வரை, சில மிஷின்களில் மூவர்ணக் கொடியோடு. கீழே பொடி எழுத்தில் மாற்று விகிதமும், சில இடங்களில் அதில் எத்தனை சதவீதம் ஏற்றியிருக்கிறது என்பதும் இருக்கும். அந்த எழுத்தைப் படிக்கக் கண்ணாடி எடுப்பதற்குள் பரிமாறுகிறவர் ரூபாயை அழுத்திவிட்டிருப்பார். நமக்கு உதவி செய்ததாகவே அவர் நினைத்திருக்கலாம்.

ரூபாயை அழுத்தினால் என்ன ஆகிறது? பணத்தை மாற்றும் வேலையை உங்கள் கார்டு நிறுவனம் செய்யாமல், அந்தக் கடைக்காரருடைய மிஷின் நிறுவனம் செய்கிறது. அது தன் விகிதத்தைத் தானே வைத்துக்கொள்கிறது, லாபத்தில் கடைக்கும் பங்கு உண்டு. அதோடு முடிவதில்லை. தொகை ரூபாயில் வந்தாலும் பற்று வெளிநாட்டிலிருந்துதானே வருகிறது, அதனால் பல இந்திய வங்கிகள் அதற்கும் தனியாக ஒரு கட்டணம் போடுகின்றன. மாங்காய் மண்டியில் ஒரே லோடுக்கு இரண்டு தரகர்கள் கமிஷன் பிடிப்பதுபோல.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எளிமைக்காக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில் 100 யூரோ. யூரோவைத் தேர்ந்தெடுத்தால், பணம் மாற்றுவதற்கு உங்கள் வங்கி கூடுதலாகப் பிடிக்கும் 'மார்க்கப்' 3.5 சதவீதம் என்றால் 350 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 63 ரூபாய், மொத்தம் 10,413. ரூபாயைத் தேர்ந்தெடுத்து, அந்த மிஷின் 6 சதவீதம் ஏற்றியிருந்தால் 10,600. அதன்மேல் உங்கள் வங்கி ஒரு சதவீதமும் ஜிஎஸ்டியும் போட்டால் இன்னும் 125, ஆக 10,725. ஒரு சாப்பாட்டு பில்லில் 312 ரூபாய் அதிகம். ஓட்டல் பில்லில் இது ஆயிரங்களாகும்.

சீட்டு கையில் வந்ததும் ரூபாய் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இடத்தை விட்டு நகராமல், அதை 'வாய்ட்' (ரத்து) செய்து மறுபடி யூரோவில் போடச் சொல்லுங்கள். தயக்கம் வேண்டாம், அது ஒரு நிமிட வேலை. 'எனக்குத் தேர்வு தரப்பட்டது, இதுவே இறுதியானது' என்ற பொருளில் அந்தச் சீட்டிலேயே ஒரு வரி இருக்கும். ஊருக்கு வந்து வங்கியோடு மல்லுக்கட்ட முடியாமல் செய்வது அந்த வரிதான்.

ஏடிஎம்மிலும் இப்படிக் கேட்குமா?

கேட்கும், இன்னும் தந்திரமாக. 'கன்வர்ஷனை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா' என்று வரும். மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து 'ஏற்கிறேன்' அழுத்துபவர்கள்தான் அதிகம். மறுத்தாலும் பணம் வரும், உங்கள் வங்கியின் விகிதத்தில் வரும்.

மார்க்கப் கட்டணம் எல்லா கார்டுக்கும் ஒன்றுதானா?

இல்லை. பெரும்பாலான கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம். அதன்மேல் ஜிஎஸ்டி சேர்ந்தால் கையிலிருந்து போவது 2.36 முதல் 4.13 சதவீதம். மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இப்போது வந்துவிட்டன. வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சிக்குப் போகிற கிரானைட்காரர் அப்படி ஒரு கார்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாழ்நாளில் ஒருமுறை சிங்கப்பூர் போகிறவர் இதற்காக வருடக் கட்டணம் கட்டிப் புதுக் கார்டு வாங்க வேண்டியதில்லை.

ஸ்டேட்மென்டில் இது எப்படித் தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். சில வங்கிகள் முதல் வரியில் பொருளின் தொகை, அடுத்த வரியில் மார்க்கப், அதற்கடுத்து ஜிஎஸ்டி என்று பிரித்துக் காட்டும். சில வங்கிகள் மார்க்கப்பைத் தொகையிலேயே கரைத்துவிட்டு ஜிஎஸ்டியை மட்டும் தனியாகக் காட்டும். எங்கிருந்தோ 63 ரூபாய் என்று ஒரு வரி தனியாக நிற்கிறதே என்று பதறி வருகிறவர்களுக்கு இதுதான் பதில். கார்டு கொடுத்த நாளின் விகிதத்துக்கும் ஸ்டேட்மென்டின் விகிதத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். பற்று கணக்கில் ஏறும் நாளின் விகிதம்தான் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும், அதற்கு ஓரிரு நாள் ஆகும்.

திருப்பித் தரும் பணத்துக்கும் இது பொருந்தும். ஓட்டல் அறையை ரத்து செய்து 200 யூரோ திரும்ப வந்தால், வருகிற நாளின் விகிதத்தில் வரும். முதலில் பிடித்த மார்க்கப் பொதுவாகத் திரும்பாது.

அவசரத்துக்குக் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் என்ன?

எடுக்காதீர்கள். பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அதே 100 ரூபாய்க் கணக்கில் 200 யூரோ, அதாவது 20,000 ரூபாய் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். ரொக்க முன்பணக் கட்டணம் 2.5 சதவீதம் என்றால் 500, அதற்கு ஜிஎஸ்டி 90. மார்க்கப் 3.5 சதவீதம் 700, அதற்கு ஜிஎஸ்டி 126. மாத வட்டி 3.5 சதவீதம் வைத்து ஒரு மாதம் ஓடினால் 700, வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு, 126. கூட்டினால் 2,242 ரூபாய். அந்த ஊர் ஏடிஎம்காரர் பிடிக்கும் கட்டணம் தனி. தாய்லாந்தில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டை ஒட்டிப் பிடிக்கிறார்கள். இதனால்தான் ஏடிஎம் சுவிட்சை அணைத்து வையுங்கள் என்றேன்.

ரொக்கம் வேண்டுமென்றால் டெபிட் கார்டில் எடுங்கள், அல்லது வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டில். நூறு நூறாகப் பலமுறை எடுக்காமல் ஒரே தடவையில் எடுங்கள். சுற்றுலாத் தலங்களில் சுவரோரம் தனியாக நிற்கும் ஏடிஎம்மை விட, வங்கிக் கிளையோடு ஒட்டியிருப்பது நல்லது. மிஷின் கார்டை விழுங்கிவிட்டால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருக்கும்.

அப்படியென்றால் கையில் எவ்வளவு ரொக்கம் கொண்டுபோகலாம்?

சட்டப்படி ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டாக வாங்கலாம் (ஒருசில நாடுகளுக்கு மட்டும் வேறு விதி). அதற்குமேல் வேண்டுமென்றால் கார்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நோட்டு வாங்கும்போது 50,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால்தான் ரொக்கமாகக் கட்டலாம், மற்றதெல்லாம் வங்கிக் கணக்கு வழியாகத்தான். இந்திய ரூபாய் 25,000 வரை கையில் வைத்திருக்கலாம். திரும்பி வந்து கிருஷ்ணகிரிக்கு வண்டி பிடிக்க அது வேண்டும்.

என் கணக்குக்கு, ஒரு வாரப் பயணத்துக்கு ஆளுக்கு 150 முதல் 200 டாலர் மதிப்புள்ள நோட்டு போதும், அதுவும் பாதி சின்ன நோட்டாக. விமான நிலையக் கவுன்டரில் வாங்காதீர்கள், விகிதம் மோசமாக இருக்கும். நம் பக்கத்து வங்கிக் கிளைகள் எல்லாவற்றிலும் அந்நியச் செலாவணிப் பிரிவு இருக்காது. ஓசூரிலோ பெங்களூரிலோ உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனத்தில் சில நாள் முன்பே வாங்கிவிடுங்கள்.

ஃபாரெக்ஸ் கார்டு நல்லதா, கிரெடிட் கார்டு நல்லதா?

இரண்டும் வேறு வேறு வேலைக்கு. ஃபாரெக்ஸ் கார்டில் பணம் ஏற்றும்போதே விகிதம் முடிவாகிவிடும், பிறகு ரூபாய் சரிந்தாலும் கவலையில்லை. வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைக்கு இதுவே சரி. கையில் இருப்பதுதான் செலவாகும், கடன் ஏறாது. ஆனால் எந்தப் பணத்தை ஏற்றுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். டாலர் ஏற்றிக்கொண்டு இத்தாலியில் யூரோவில் செலவு செய்தால் குறுக்கு மாற்றுக் கட்டணம் விழும், மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். மீதத்தை ஊருக்கு வந்து திரும்ப ரூபாயாக்கும்போதும் கொஞ்சம் குறையும்.

ஓட்டல், வாடகைக் கார், பெரிய கடைகள் என்றால் கிரெடிட் கார்டு. தகராறு வந்தால் முதலில் மாட்டியிருப்பது வங்கியின் பணம், நம் சேமிப்பு அல்ல. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

கூகுள் பே, போன்பே அங்கே வேலை செய்யாதா?

சில இடங்களில் செய்யும். 2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையிலும் மொரீஷியஸிலும் யுபிஐ தொடங்கியது. பூட்டான், நேபாளம், அமீரகம், சிங்கப்பூரில் குறிப்பிட்ட கடைகளிலும், பாரிஸில் ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கும் உண்டு. ஆப்பில் 'யுபிஐ இன்டர்நேஷனல்' என்பதைத் தனியாக இயக்க வேண்டும். எல்லாக் கடையிலும் இருக்கும் என்று நம்பிக் கார்டில்லாமல் கிளம்பாதீர்கள். நம் ரவுண்டானா இளநீர்க் கடையில் இருக்கிற ஸ்கேன் வசதி லண்டனில் இருக்காது.

என்னிடம் ரூபே கார்டுதான் இருக்கிறது.

சர்வதேசப் பயன்பாட்டுக்கான ரூபே, டிஸ்கவர், டைனர்ஸ், ஜேசிபி வலையமைப்புகள் வழியாக வெளிநாட்டில் வேலை செய்யும். கடை வாசலில் அந்தச் சின்னம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். முதல் கார்டாக விசாவோ மாஸ்டர்கார்டோ இருக்கட்டும், ரூபே துணைக்கு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸையும் ஐரோப்பாவின் சிறு கடைகளில் மறுப்பதுண்டு. எப்படியும் இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டு வேண்டும், இரண்டும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது.

சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் நாலு பேருக்கும் என் ஒரே கார்டைத் தட்டலாமா?

முடியாது. ஆளுக்கு ஒரு கார்டு. நீங்கள் உள்ளே போகத் தட்டிய கார்டை, வெளியே வரத்தான் அடுத்து தட்ட முடியும். வெளிநாட்டு வங்கிக் கார்டை அங்கே ரயிலிலும் பஸ்ஸிலும் பயன்படுத்தினால், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சென்ட் நிர்வாகக் கட்டணம் உண்டு. ஓரிரு நாள் என்றால் பரவாயில்லை. ஒரு வாரம், நாலு பேர் என்றால் ஸ்டேஷனிலேயே பயண அட்டை வாங்கிக்கொள்வது சிக்கனம். டேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடைகளுக்கும் மற்ற ஹாக்கர் சென்டர்களுக்கும் ரொக்கம் வைத்திருங்கள். துணிமணி, நகை என்று ஒரு கடையில் 100 சிங்கப்பூர் டாலருக்குமேல் வாங்கினால், அங்குள்ள 9 சதவீத ஜிஎஸ்டியை விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிய வேண்டும்.

துபாய் மெட்ரோவுக்கு 'நோல்' அட்டை, அதை ஸ்டேஷனில் வாங்கலாம். லண்டனில் பஸ்ஸில் ரொக்கமே வாங்க மாட்டார்கள், 2014 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள். அங்கே வங்கிக் கார்டைத் தட்டினால் போதும், ஒரு நாளைக்கு இவ்வளவுக்குமேல் பிடிப்பதில்லை என்ற வரம்பும் தானாகவே வரும். ஆனால் நாள் முழுக்க ஒரே கார்டைத் தட்ட வேண்டும்.

சியாமென் போகிறேன். சீனாவில் கார்டே வாங்குவதில்லை என்கிறார்களே?

பெரிய ஓட்டலில் வாங்குவார்கள். தெருக்கடை, டாக்சி எல்லாம் க்யூஆர்தான், ஆனால் அவர்களுடைய க்யூஆர். 2023 முதல் அலிபே, வீசாட் பே இரண்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டை இணைக்க முடிகிறது. 200 யுவான் வரை ஒரு பில்லுக்குக் கூடுதல் கட்டணமில்லை, அதற்குமேல் 3 சதவீதம். உங்கள் வங்கியின் மார்க்கப் அதற்கும் மேலே. ஆகவே பெரிய தொகைக்கு நேரடியாகக் கார்டு, சின்னத் தொகைக்கு அலிபே.

இதை இங்கிருந்தே செய்துவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட் படம் ஏற்ற வேண்டும், கார்டை இணைக்க ஓடிபி வரும். உங்கள் கார்டை அது ஏற்காவிட்டால் இன்னொரு வங்கியின் கார்டைப் போட்டுப் பார்க்க நேரம் வேண்டும். அங்கே போய் இறங்கினால் அந்த ஊர் சிம்மிலும் வைஃபையிலும் கூகுளும் திறக்காது, வாட்ஸப்பும் திறக்காது, யாரிடமும் கேட்கவும் வழியிருக்காது. தனி ஆள் பெயரில் இருக்கும் க்யூஆரில் வெளிநாட்டு கார்டு பணம் போகாமல் நிற்பதும் உண்டு. யுவான் நோட்டு கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

ஓட்டலில் அறை வாடகையை விட அதிகமாகப் பிடித்துவிட்டார்களே?

பிடிக்கவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எதையாவது உடைத்தால், குடித்தால், வசூலிப்பதற்கான முன்னேற்பாடு. கிரெடிட் கார்டு என்றால் உங்கள் வரம்பில் அவ்வளவு குறையும், காலி செய்த சில நாளில் விடுபடும். டெபிட் கார்டு கொடுத்திருந்தால் நிற்பது உங்கள் சொந்தப் பணம், அது திரும்பி வர வாரங்கள் ஆகலாம். வரம்பு குறைவான கார்டு வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் வங்கியிடம் தற்காலிகமாக உயர்த்தித் தரச் சொல்லுங்கள். வாடகைக் காருக்கு, ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். மகன் ஓட்ட, அப்பா கார்டு நீட்டினால் சாவி கிடைக்காது.

அமெரிக்காவில் சாப்பிட்ட பில் 40 டாலர் என்று மெசேஜ் வந்தது, ஸ்டேட்மென்டில் 48 இருக்கிறது. ஏமாற்றா?

டிப்ஸ். அங்கே முதலில் பில் தொகைக்குக் கார்டைப் போடுவார்கள். பிறகு ஒரு சீட்டு வரும், அதில் நீங்களே டிப்ஸ் தொகையை எழுதி, கூட்டிப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். கணக்கில் ஏறுவது அந்தக் கூட்டுத்தொகை. அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள், எழுதியதைவிட அதிகம் ஏறியிருந்தால் கேட்க ஆதாரம் இருக்கும்.

பெட்ரோல் பங்கில் மிஷின் 'ஜிப் கோட்' கேட்கும். நம் பின்கோடு ஆறு இலக்கம், அது ஐந்து இலக்கம் கேட்கும். போராடாமல் உள்ளே போய், எத்தனையாவது பம்ப் என்று சொல்லி முன்பணம் கட்டிவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் 20 சதவீத வரி பிடிப்பார்களாமே?

2023 மே மாதம் வந்த பயம் இது. வெளிநாட்டில் செய்யும் கிரெடிட் கார்டு செலவை, ஒருவர் வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்ற எல்ஆர்எஸ் திட்டத்துக்குள் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் ஜூன் 28 அன்று அதைத் தள்ளிவைத்தார்கள். ஆகவே வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செலவு செய்வதற்கு, அந்தத் திட்டத்தில் முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் என்ற இந்த வரி இல்லை. ஃபாரெக்ஸ் கார்டும் டெபிட் கார்டும் அந்தத் திட்டத்துக்குள் வரும். ஆனால் வருடத்துக்கு 10 லட்சம் தாண்டினால்தான் பிடிப்பு, இந்த வரம்பு 2025 ஏப்ரல் முதல். பிடித்தாலும் அது தொலைந்த பணமல்ல, வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். சுற்றுலா பேக்கேஜுக்குத் தனி விதி, அதை ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஓடிபி எப்படி வரும்? அந்த ஊர் சிம் போட்டுவிடுவேனே.

கடை மிஷினுக்கு ஓடிபி தேவையில்லை. ஆன்லைனில் ரயில் டிக்கெட், அருங்காட்சியக டிக்கெட் வாங்கும்போதும், வங்கி ஆப்பில் நுழையும்போதும் வேண்டும். இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள். இரண்டு சிம் போனில் ஒன்று அது, இன்னொன்று அந்த ஊர் சிம் அல்லது இ-சிம். இந்திய சிம்மில் ரோமிங்கைக் கிளம்புவதற்கு முன்பே இயக்கிவிட்டு, டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். எஸ்எம்எஸ் வரும். ப்ரீபெய்டு சிம்மின் வேலிடிட்டி நடுவழியில் முடிந்துவிடுமா என்றும் பாருங்கள்.

சில வெளிநாட்டு இணையதளங்கள் ஓடிபியே கேட்காமல் பணம் எடுத்துவிடும். கார்டு நம்பர், தேதி, பின்பக்கத்து மூன்று எண் போதும். ஊர் திரும்பியதும் ஆப்பில் போட்ட இன்டர்நேஷனல் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

கார்டு தொலைந்தால், அல்லது யாரோ செலவு செய்தால்?

முதலில் ஆப்பில் பூட்டுங்கள். போனும் சேர்ந்தே தொலைந்திருந்தால்? வங்கியின் வெளிநாட்டு அழைப்பு எண்ணை, +91 சேர்த்து, ஒரு காகிதத்தில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருங்கள். இங்கிருந்து அழைக்கும் 1800 எண் அங்கே போகாது.

2017 ஜூலை 6 அன்று வந்த ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை இதில் நமக்குத் துணை. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், தகவல் வந்த மூன்று வேலைநாட்களுக்குள் புகார் கொடுத்தால் நமக்குப் பொறுப்பு பூஜ்யம். நாலு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நம் தலையில். அதற்கும் தாமதித்தால் வங்கி வைத்ததுதான் சட்டம். பின் நம்பரை யாரிடமாவது நாமே சொல்லியிருந்தால் இதெல்லாம் பொருந்தாது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பயணம் முடியும்வரை காத்திருப்பதுதான் நான் பார்த்தவரை பெரிய சேதம். புகார் எண்ணை அங்கிருந்தே வாங்கிவிடுங்கள்.

எனக்கு மாதச் சம்பளம் கிடையாது, மாந்தோப்புதான். வங்கியில் கார்டு தர மறுக்கிறார்கள்.

காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளிப் பக்கமிருந்து நிறையப் பேர் கேட்பது. வைப்புநிதி வைத்தால் அதன் பிணையில் கிரெடிட் கார்டு தரும் வங்கிகள் உண்டு, வருமானச் சான்று கேட்பதில்லை. வைப்புநிதிக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட கார்டுகளில் மார்க்கப் இல்லாதவையும் இருக்கின்றன. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். பிள்ளையின் கார்டில் உங்கள் பெயருக்குக் கூடுதல் கார்டு வாங்கிக்கொள்வதும் ஒரு வழி, ஆனால் பில் பிள்ளைக்குத்தான் போகும்.

மிஞ்சிய டாலரை என்ன செய்வது?

2,000 டாலர் வரை வீட்டில் வைத்திருக்கலாம். அதற்குமேல் இருப்பதை, திரும்பிய 180 நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். நாணயங்களைப் பணமாற்றுக்காரர்கள் வாங்க மாட்டார்கள், அங்கேயே விமான நிலையத்தில் காபி குடித்துத் தீர்த்துவிடுங்கள்.

வெரோனாவிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. கார் வாடகை நிறுவனம் இப்போது 40, 50 யூரோ பிடித்திருக்கிறது. காரைத்தான் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தேனே?

பழைய நகரத்துக்குள் ஓட்டியிருப்பீர்கள். வெரோனா உட்பட இத்தாலியின் பல நகரங்களில் மையப் பகுதிக்குள் வெளி வண்டிகள் நுழையக் கட்டுப்பாடு உண்டு. நுழைவாயிலில் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும், யாரும் கை காட்டி நிறுத்த மாட்டார்கள். அந்த நகரத்துப் போலீஸ், வண்டியின் உரிமையாளரான வாடகை நிறுவனத்திடம் கேட்கும். அவர்கள் உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டு, கொடுத்த வேலைக்குக் கட்டணம் என்று உங்கள் கார்டில் பிடிப்பார்கள். ஒப்பந்தத்தின் பின்பக்கம் நீங்கள் கையெழுத்திட்ட இடத்தில் அது எழுதியிருக்கும், அதனால் வங்கியில் தகராறு எழுப்பினாலும் நிற்காது. இது அபராதம் அல்ல என்பதையும் கவனியுங்கள். அபராதம் தனியாக, பல மாதம் கழித்தும், தபாலில் உங்கள் கிருஷ்ணகிரி முகவரிக்கு வரும். சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி உண்டு, கட்டும் வழியும் அதிலேயே இருக்கும்.